பழம் அழுகாமல் காக்கும் வாசனை: தாவர நறுமண எண்ணெய்கள் குறித்த எளிய அறிமுகம்

ஒரு பெட்டி நிறைய ஆரஞ்சுப் பழங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரே ஒரு பழத்தின் தோலில், நீர் கோத்தாற்போல, விரல் நகமளவு புள்ளி ஒன்று தோன்றுகிறது. தொட்டால் அந்த இடம் மட்டும் மெத்தென்று அமுங்கும். ஓரிரு நாளில் அதன்மேல் வெண்பஞ்சு போன்ற இழைகள் படர்கின்றன. அதன் பின் நடுப்பகுதி பாசிப்பச்சை நிறப் பொடியாக மாறுகிறது. அந்தப் பழத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் புகைபோலக் கிளம்பும் பொடியில் கோடிக்கணக்கான ஸ்போர்கள், அதாவது பூஞ்சையின் வித்துகள், இருக்கின்றன. பெனிசிலியம் டிஜிடேட்டம் என்னும் இந்தப் பச்சைப் பூஞ்சை, பெட்டியிலுள்ள மற்றப் பழங்களின் தோலில் சிறு கீறல் எங்கிருந்தாலும் அதன் வழியே நுழைந்துவிடும்.

பறித்த பழம் இறந்துபோன பொருள் அன்று. அது தொடர்ந்து சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது, பழுக்கிறது. பழுக்கப் பழுக்க அதன் தோல் இளகுகிறது, சர்க்கரை கூடுகிறது, காயாக இருந்தபோது அதைக் காத்துவந்த வேதிப்பொருள்கள் குறைகின்றன. பெரும்பாலான பழங்கள் புளிப்புத்தன்மை உடையவை என்பதால் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு அங்கே இடமில்லை. பூஞ்சைகளுக்கோ அந்தப் புளிப்பு ஒரு தடையே இல்லை. எனவேதான் அறுவடைக்குப் பின் பழங்களில் ஏற்படும் அழுகலில் பெரும்பங்கு பூஞ்சைகளால் நேர்கிறது. உலகில் விளையும் உணவில் ஏறத்தாழ 14 விழுக்காடு, அறுவடைக்குப் பிறகு சில்லறை விற்பனைக்கு வந்துசேர்வதற்கு முன்பே இழக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 2019ஆம் ஆண்டு மதிப்பிட்டது. விரைவில் கெடும் பழங்களும் காய்கறிகளும் இந்த இழப்பை அதிகமாகச் சுமக்கின்றன.

அழுகலைத் தடுக்க முனைவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பூஞ்சை எப்போது, எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதே. பெனிசிலியம் வகைகளுக்கும், ஸ்ட்ராபெரியை ஒரே இரவில் குழைத்துவிடும் ரைசோபஸ் பூஞ்சைக்கும் காயம் தேவை. பறிக்கும்போது பட்ட நகக்கீறலோ, பெட்டியின் விளிம்பில் உரசிய இடமோ போதும். மா, பப்பாளி, அவகாடோ ஆகியவற்றில் கரும்புள்ளிகளை உண்டாக்கும் கொலெட்டோட்ரிகம் வேறு விதமானது. அது பழம் மரத்தில் பிஞ்சாக இருக்கும்போதே தோலில் ஒட்டிக்கொண்டு, உறிஞ்சுகால் போன்ற ஓர் உறுப்பால் மேல்தோலைத் துளைத்துவிட்டு, அங்கேயே வாரக்கணக்கில் அசையாமல் காத்திருக்கிறது. பழம் பழுக்கத் தொடங்கியதும் விழித்துக்கொள்கிறது. ஆந்த்ராக்னோஸ் எனப்படும் இந்த நோய்க்கு ஆளான மாம்பழம் பறிக்கும் நாளில் மாசுமருவற்றதாகத் தெரிந்து, பழுத்த பின் கறுத்துப்போவதற்கு இதுவே காரணம். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் தாக்கும் சாம்பல் பூஞ்சையாகிய பாட்ரைட்டிஸ் சினீரியாவிடம் இன்னொரு வல்லமை உண்டு: 0 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலும் அது மெல்ல மெல்ல வளரும். குளிர்பதனக் கிடங்கு அதைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது.

இவற்றை எதிர்க்க, பழத்தைப் பொதி செய்யுமிடங்களில் தயாபெண்டசோல், இமசலில், ஃப்ளூடையோக்ஸோனில் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அவை திறமையானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய இடங்களில் அம்மருந்துக்கு அசையாத பூஞ்சை இனங்கள் தோன்றிவிட்டன. தயாபெண்டசோலுக்கும் இமசலிலுக்கும் தாக்குப்பிடிக்கும் பச்சைப் பூஞ்சை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பழத்தில் தங்கிவிடும் மருந்தின் எச்ச அளவுக்கான சட்ட வரம்புகளும் இறுகி வருகின்றன. இயற்கை வேளாண் சான்று பெற்ற பழங்களுக்கு இந்த மருந்துகளை அறவே பயன்படுத்த முடியாது. மாற்று வழி தேடியவர்களின் கவனம், மனிதர் நெடுங்காலமாக உணவிலும் மருந்திலும் சேர்த்துவரும் வாசனைத் தாவரங்களின் பக்கம் திரும்பியது இப்படித்தான்.

எண்ணெய் என்னும் பெயர்

இங்கே பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘எசன்ஷியல் ஆயில்’ என்று வழங்குவதை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று தமிழாக்கியிருப்பதை இப்போது பல இடங்களில் காண்கிறோம். இது பிழை. அந்தப் பெயரிலுள்ள ‘எசன்ஸ்’ என்பது சாரத்தைக் குறிக்கிறது, இன்றியமையாமையைக் குறிக்கவில்லை. தாவரத்தின் மணச்சாரம் என்பதே பொருள். நறுமண எண்ணெய் என்றோ, ஆவியாகும் எண்ணெய் என்றோ சொல்வது பொருந்தும். இரண்டாவது பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். ஏனெனில் இக்கட்டுரையில் வரவிருக்கும் பல நன்மைகளும், பல சிக்கல்களும் அந்த ‘ஆவியாகும்’ என்ற ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

ஒரு வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் நல்லெண்ணெய் ஒரு சொட்டும், மறுபக்கம் யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டும் விட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் தைலத்தின் கறை மறைந்துவிடும். நல்லெண்ணெய்க் கறை மறுவாரமும் அப்படியே இருக்கும். சமையல் எண்ணெய் கொழுப்பு. அதன் மூலக்கூறுகள் பெரியவை, ஆவியாகாதவை. நறுமண எண்ணெயில் கொழுப்பே இல்லை. சிறிய, இலகுவான மூலக்கூறுகள் பலவற்றின் கலவை அது. நீரில் அவ்வளவாகக் கரையாததாலும், தொட்டால் வழுவழுப்பாக இருப்பதாலும் மட்டுமே அதற்கு எண்ணெய் என்ற பெயர் வாய்த்தது. இலை, மொட்டு, பட்டை, விதை ஆகியவற்றினூடாக நீராவியைச் செலுத்தி, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்து, நீரின் மேல் மிதக்கும் படலத்தைப் பிரித்தெடுப்பதே பொதுவான முறை. கிராம்பு எண்ணெய் போன்ற சில நீரைவிடக் கனமானவை என்பதால் அவை அடியில் தங்கும். ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் தோல் எண்ணெய் பெரும்பாலும் சூடின்றிப் பிழிந்தே எடுக்கப்படுகிறது.

பூஞ்சையைத் தடுப்பதில் பெயர் பெற்ற எண்ணெய்களையும் அவற்றின் முதன்மைக் கூறுகளையும் அறிந்துகொண்டால் பல ஆய்வுச் செய்திகள் எளிதில் புரியும். தைம் செடியிலும் ஓமத்திலும் தைமால் இருக்கிறது. ஆரிகனோவில் அதன் உடன்பிறப்பு போன்ற கார்வக்ரால் இருக்கிறது. கிராம்பில் யூஜினால் மிகுதி. இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். ஒரே மரத்தின் வெவ்வேறு பகுதிகள்கூட வெவ்வேறு எண்ணெய்களைத் தரும்: இலவங்க மரத்தின் பட்டையில் சின்னமால்டிஹைடு மேலோங்கியிருக்க, இலையில் யூஜினால் மேலோங்கி நிற்கிறது. தைம் செடியிலோ, பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு செடிகளில் ஒன்று தைமாலும் மற்றொன்று வேறொரு கூறும் மிகுந்ததாக இருக்கலாம். ஆகவே ‘தைம் எண்ணெய் பலன் தந்தது’ என்ற ஒரு வரி மட்டும் போதாது, அந்த எண்ணெயில் எது எத்தனை விழுக்காடு இருந்தது என்று கேட்க வேண்டும்.

தாவரங்கள் இவற்றை நமக்காக உருவாக்கவில்லை. ஓடவோ ஒளியவோ முடியாத உயிரினம், தன்னை மேயும் பூச்சியையும் தொற்றும் நுண்ணுயிரையும் எதிர்கொள்ள இலையின் நுண்மயிர்ச் சுரப்பிகளிலும் தோலின் எண்ணெய்ப் பைகளிலும் சேர்த்துவைக்கும் படைக்கலம் இது. ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழியும்போது கண்ணில் தெறிக்கும் நுண்சாரல், அந்தப் பைகள் உடைவதால் வருவதே. ஒரு தாவரத்தின் தற்காப்பை இன்னொரு தாவரத்தின் கனிக்கு இரவல் கொடுப்பது என்று இந்த முயற்சியைச் சொல்லலாம்.

பூஞ்சைக்கு என்ன நேர்கிறது

ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்தச் சவ்வு, பொட்டாசியம் போன்ற அயனிகளை உள்ளேயே நிறுத்தி, வேண்டாதவற்றை வெளியே தடுத்து, செல்லின் உள்நிலையைச் சீராக வைத்திருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டீரால் என்னும் பொருள் செங்கற்களுக்கு இடையிலான சாந்துபோல அமைந்து உறுதி தருகிறது. தைமால், யூஜினால் போன்ற மூலக்கூறுகள் நீரைவிடக் கொழுப்பை விரும்புபவை. பூஞ்சையின் அருகில் அவை வந்தால், சுற்றிலுமுள்ள ஈரத்தை விட்டுவிட்டு அந்தச் சவ்வுக்குள் புகுந்து குடியேறுகின்றன. அடுக்கு நெகிழ்கிறது. அயனிகள் கசிகின்றன. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வும் இதே பாதிப்புக்கு உள்ளாவதால் ஆற்றல் உற்பத்தி தடுமாறுகிறது. எர்கோஸ்டீரால் புதிதாக உருவாவதையும் இவற்றுள் சில தடுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டு திரண்டு நேராக ஓடவேண்டிய பூஞ்சை இழைகள் காற்றுப்போன குழாய்கள் போலச் சுருங்கியும் முறுக்கியும் கிடக்கும்.

கொழுப்பை விரும்பும் எல்லா மூலக்கூறும் இதைச் செய்துவிடாது. கார்வக்ராலையும், தைம் எண்ணெயில் காணப்படும் இன்னொரு கூறாகிய பாரா-சைமீனையும் எடுத்துக்கொண்டால், இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. கார்வக்ராலில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த இணை, ஒட்டியிருக்கிறது. அந்தச் சிறு வேறுபாட்டால் கார்வக்ரால் வலிமையான பூஞ்சைத் தடுப்பானாகவும், பாரா-சைமீன் தனித்து நின்றால் வலுவற்றதாகவும் ஆகின்றன. ஹைட்ராக்சில் தொகுதி, மூலக்கூறு நீரில் ஓரளவு கரைந்து பூஞ்சையை வந்தடையவும், சவ்வின் விளிம்பில் வேதிவினை புரியவும் உதவுகிறது. தைமால் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒரு கிராம் கரையும். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் சில மில்லிகிராம்களோடு நின்றுவிடும். சின்னமால்டிஹைடின் வழி சற்று வேறானது. அது ஆல்டிஹைடு என்பதால் பூஞ்சையின் புரதங்களோடு நேரடியாகப் பிணைந்து நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது.

இன்னொரு பயனும் உண்டு. அவகாடோ போன்ற சில பழங்களைத் தைம் எண்ணெயின் ஆவியில் வைத்தபோது, பூஞ்சையின் செல் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் ஆகிய நொதிகளைப் பழமே கூடுதலாகச் சுரந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த வாசனை, பழத்தின் சொந்தத் தற்காப்பையும் தட்டி எழுப்புகிறது.

கண்ணாடித் தட்டும் பழத்தோலும்

இந்த எண்ணெய்களை முதலில் சோதிப்பது பெட்ரித் தட்டு எனப்படும் வட்டமான, மூடியுள்ள தட்டில்தான். தட்டில் ஊட்டச்சத்துக் கூழ் உறைந்திருக்கும். அதன் நடுவே, பூஞ்சை வளர்ந்த கூழிலிருந்து வெட்டிய 5 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை வைப்பார்கள். எண்ணெயைக் கூழிலேயே கலந்துவிடுவது ஒரு முறை. மற்றொரு முறையில், தட்டைக் கவிழ்த்து, மூடியின் உட்புறத்தில் எண்ணெய் நனைத்த சிறு காகித வட்டை ஒட்டிவிடுவார்கள். பூஞ்சையை எண்ணெய் தொடவே தொடாது, ஆவி மட்டும் சென்றடையும். எண்ணெய் இல்லாத தட்டில் சில நாளில் பூஞ்சை விளிம்பு வரை பரவியிருக்க, எண்ணெய் ஆவி நிறைந்த தட்டில் வில்லை வைத்தது வைத்தபடியே இருப்பதை அருகருகே பார்க்கும்போது, இந்தத் துறையில் நுழைந்தவர்களுக்கு ஏன் இத்தனை நம்பிக்கை என்பது விளங்கும். பல எண்ணெய்கள் நேரடித் தொடுகையைவிட ஆவியாகக் குறைந்த அளவிலேயே வேலை செய்கின்றன.

ஆனால் அங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். பூஞ்சை செத்துவிட்டதா, உறங்குகிறதா? அந்த வில்லையை எடுத்து எண்ணெய் இல்லாத புதிய தட்டில் வைத்தால் விடை கிடைக்கும். வளர்ந்தால், எண்ணெய் அதை நிறுத்தி வைத்திருந்ததேயன்றிக் கொல்லவில்லை. குறைந்த அளவுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. ஆவி இருக்கும்வரை காவல் இருக்கும். பெட்டியைத் திறந்து ஆவி வெளியேறியதும் பூஞ்சை விட்ட இடத்திலிருந்து தொடரும். எண்ணெய் வேலை செய்ததா என்பதோடு, எத்தனை நாள் அங்கே தங்கியிருந்தது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

எல்லா நறுமண எண்ணெயும் எல்லாப் பூஞ்சைக்கும் பகை என்று எண்ணிவிடவும் கூடாது. ஆரஞ்சுத் தோலில் நிறைந்துள்ள லிமோனீன், சாம்பல் பூஞ்சையையும் ஆப்பிளைத் தாக்கும் நீலப் பூஞ்சையையும் தடுக்கிறது. ஆனால் ஆரஞ்சையே இருப்பிடமாகக் கொண்ட பச்சைப் பூஞ்சைக்கோ அதே லிமோனீன் அழைப்பு மணி. தோல் கீறப்பட்டு எண்ணெய் கசியும் மணத்தை உணர்ந்ததும் அதன் ஸ்போர்கள் இன்னும் வேகமாக முளைவிடுகின்றன. தற்காப்புக்காகத் தாவரம் வைத்த பொருளையே, அந்தத் தாவரத்தோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய பூஞ்சை தன் வழிகாட்டியாக்கிக்கொண்டது. ‘இயற்கையானது, நறுமணமானது, எனவே பூஞ்சையைத் தடுக்கும்’ என்ற பொதுவிதி செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. எந்தப் பழம், எந்தப் பூஞ்சை, எந்த எண்ணெய் என்ற மூன்றும் சேர்ந்தே விடையைத் தரும்.

தட்டில் வென்ற எண்ணெய் பழத்தில் தோற்பது மிகச் சாதாரணம். பழத்தோலின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. கொழுப்பை விரும்பும் எண்ணெய் மூலக்கூறு, பூஞ்சையைத் தேடிப் போகாமல் அந்த மெழுகிலேயே தங்கிவிடுகிறது. காயத்தின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் ஸ்போர்களையும், தோலுக்கு அடியில் காத்திருக்கும் கொலெட்டோட்ரிகத்தையும் மேலே பூசிய எண்ணெய் எட்டுவது கடினம். காற்றோட்டமுள்ள கிடங்கில் எண்ணெயின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் பறந்துவிடுகிறது. எனவே பழத்தில் தேவைப்படும் அளவு, தட்டில் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு கூடிப்போகிறது. அளவு கூடும்போதுதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

பூஞ்சையின் சவ்வுக்குள் புகும் மூலக்கூறு, பழத்தோல் செல்லின் சவ்வுக்குள்ளும் புகும். அதற்கு நண்பன், பகைவன் என்ற பாகுபாடு கிடையாது. அளவு மிஞ்சினால் வாழைத்தோல் பழுப்பேறும், ஸ்ட்ராபெரியின் பச்சைக் காம்பிதழ்கள் கருகும், ஆரஞ்சுத் தோலில் குழி விழும். புதிதாக முயல்பவர்கள் செய்யும் ஒரு தவறை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வாளி நீரில் அளந்த எண்ணெயை ஊற்றிக் கையால் கலக்குகிறார்கள். கணக்குப்படி அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் கலக்குவதை நிறுத்திய சில நொடிகளில் எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து மேலே மிதக்கிறது. பழத்தை உள்ளே அமிழ்த்தும்போதும் வெளியே எடுக்கும்போதும் அந்த மேற்படலத்தைக் கடந்தே வர வேண்டியிருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நினைத்திருக்க, தோலின் சில இடங்களில் கலப்பற்ற எண்ணெயே ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் பார்த்தால் சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தழும்புகள். ‘எண்ணெய் பழத்தைக் கெடுத்துவிட்டது’ என்று அவர்கள் கைவிடுகிறார்கள். பிழை எண்ணெயில் இல்லை, கலக்கிய விதத்தில் இருக்கிறது.

வாசனையைப் பிடித்து வைப்பது

மேற்சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இத்துறையின் உண்மையான சவால் இன்னும் வலுவான எண்ணெயைக் கண்டுபிடிப்பது அன்று, இருக்கும் எண்ணெயை மெதுவாக, சீராக, போதிய நாள் வெளிவரச் செய்வதே. இதற்கெனப் பல உத்திகள் உருவாகியிருக்கின்றன.

முதலாவது பால்மம். எண்ணெயோடு பாலிசார்பேட் 80 அல்லது லெசித்தின் போன்ற பால்மமாக்கியைச் சேர்த்து வேகமாக அடித்தால், எண்ணெய் மிகச் சிறு துளிகளாகப் பிரிந்து நீர் முழுதும் சமமாகப் பரவிப் பால்போல வெளுக்கும். துளியின் அளவை மேலும் நுணுக்கி, ஏறத்தாழ 20 முதல் 200 நானோமீட்டர் வரை கொண்டுவந்தால் நானோ பால்மம் ஆகிறது. துளி சிறுக்கச் சிறுக்க, அதே அளவு எண்ணெய்க்குப் பரப்பு பெருகுவதால் குறைந்த அளவே போதும் என்பது இதன் நன்மை.

அடுத்து, உண்ணத்தக்க பூச்சு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான், கருவேல வகை மரங்களின் பிசின், சோற்றுக்கற்றாழைக் கூழ், ஒருவகைப் பனையின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு ஆகியவற்றுள் ஒன்றைக் கரைசலாக்கி, அதில் எண்ணெயைப் பால்மமாகச் சேர்த்து, பழத்தை முக்கி உலர்த்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று பழத்தைப் போர்த்துகிறது. அந்தப் படலம் நீரிழப்பைக் குறைக்கிறது, சுவாசத்தைத் தணித்துப் பழுப்பதைத் தள்ளிப்போடுகிறது, எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. கைட்டோசானுக்குத் தன்னளவிலேயே பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றலும் உண்டு. கொலெட்டோட்ரிகம் போல உள்ளே காத்திருக்கும் பூஞ்சையை எண்ணெய் எட்டாவிட்டாலும், பழுப்பது தாமதமானால் அது விழிப்பதும் தாமதமாகிறது. ஒரே பூச்சில் இத்தனை வேலை நடப்பதால், எண்ணெயின் அளவைப் பழத்தோல் தாங்கும் எல்லைக்குள் வைத்துக்கொள்ள முடிகிறது.

மூன்றாவது, எண்ணெயைக் கூட்டில் அடைப்பது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும், நடுவே குழியுள்ள வளைய மூலக்கூறு. அந்தக் குழிக்குள் தைமால் போன்ற மூலக்கூறு பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். ஈரம் கூடும்போது மெல்ல வெளியேறும். இப்பொடியைச் சிறு பொட்டலமாகக் கட்டிப் பழப்பெட்டிக்குள் வைக்கலாம். ஈரம் கூடும் நேரமே பூஞ்சைக்கும் உகந்த நேரம் என்பதால் காவலும் அப்போதே வலுக்கிறது. நடைமுறைக்கு வந்த ஒரு முயற்சியில் ஈஸ்ட் செல்லின் வெற்றுச் சுவரே கூடாகப் பயன்படுகிறது. யூஜினால், ஜெரானியால், தைமால் ஆகிய மூன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பயிர்ப் பாதுகாப்புச் செயற்பொருள்களாக ஏற்றது. ஈஸ்ட் சுவருக்குள் இம்மூன்றையும் அடைத்த மருந்து, திராட்சையின் சாம்பல் பூஞ்சைக்கு எதிராகத் தோட்டத்திலேயே தெளிக்கப்படுகிறது. கிடங்குகளில் எண்ணெயைச் சூடாக்கி மூடுபனியாகப் பரப்பும் முறையும் உள்ளது. சேமிப்பு உருளைக்கிழங்கு முளைவிடாமல் தடுக்கக் கார்வோன், புதினா வகை எண்ணெய் ஆகியவை இவ்வாறே பயன்படுத்தப்படுகின்றன. அது அழுகலுக்கான மருத்துவம் அன்று என்றாலும், வாசனை எண்ணெயைக் கிடங்கு அளவில் கையாள முடியும் என்பதைக் காட்டுகிறது.

வாசனை வரமாக இருப்பது போலவே தடையாகவும் இருக்கிறது. கிராம்பு மணக்கும் திராட்சையை யாரும் விரும்பமாட்டார்கள். மெல்லிய மணமும் மெல்லிய தோலும் உடைய ஸ்ட்ராபெரி போன்றவற்றில் அந்நிய மணம் உடனே தெரிந்துவிடும். தோலை உரித்துண்ணும் வாழை, அவகாடோ, ஆரஞ்சு ஆகியவற்றில் இடம் கொஞ்சம் அதிகம். எலுமிச்சைப்புல்லின் மணம் புளிப்புப் பழங்களோடு இசைந்து போகும், அதே மணம் பேரிக்காயில் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே பூஞ்சைக் கணக்கு முடிந்த பிறகு, உண்பவரின் நாவும் மூக்கும் தரும் தீர்ப்பு இன்னொன்று மிச்சமிருக்கிறது. இரண்டு மூன்று கூறுகளைக் குறைந்த அளவில் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒவ்வொன்றின் மணமும் தனித்து எழாமல் காக்கும் நல்ல வழி.

எண்ணெய் தனியாக நின்று போரிடத் தேவையில்லை. மாம்பழத்தை 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் முக்குவது, தோலுக்கு அடியிலுள்ள ஆந்த்ராக்னோஸ் பூஞ்சையைத் தாக்கும் பழகிய முறை. எண்ணெய் எட்டாத இடத்தை வெப்பம் எட்டுகிறது, அதற்குப் பின் புதிதாக வந்து ஒட்டும் ஸ்போர்களை எண்ணெய்ப் பூச்சு கவனித்துக்கொள்கிறது. குளிர்பதனம் எல்லாப் பழத்துக்கும் ஒத்துவராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாழை 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்துக் குளிர்க்காயம் அடையும். இப்படி ஆழ்ந்த குளிரைத் தாங்காத வெப்பமண்டலப் பழங்களுக்கே குளிரல்லாத பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறது. இவை அனைத்துக்கும் முன்பாக, காயம்படாமல் பறிப்பதும், அழுகிய பழத்தை உடனே அகற்றுவதும் வருகின்றன. காயம் நிறைந்த பழத்தை எந்த எண்ணெயாலும் மீட்க முடியாது. அழுகிய பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சாறாக்குவதும் ஆபத்தானது. ஆப்பிளின் நீலப் பூஞ்சை பாட்டுலின் என்னும் நச்சைச் சுரக்கிறது. ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர வரம்பு. முன்பே உருவான அந்த நச்சை எண்ணெய் அழிக்காது.

பாதுகாப்பைப் பற்றியும் தெளிவு வேண்டும். கிராம்பு, தைம், எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் எண்ணெய்களை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், சுவையூட்டியாகப் பயன்படுத்தப் பொதுவாகப் பாதுகாப்பானவை என்னும் பட்டியலில் வைத்திருக்கிறது. அது உணவில் சேரும் சிறு அளவைப் பற்றிய கருத்து. பாட்டிலில் இருக்கும் செறிந்த எண்ணெய் தோலில் பட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாக்கும், கண்ணில் பட்டால் கடுமையாகக் காயப்படுத்தும். விற்பனைக்கான பழத்தில் பயன்படுத்துவதாயின், அந்தந்த நாட்டுச் சட்டப்படி அதற்கென ஒப்புதல் பெற்ற தயாரிப்பையே பயன்படுத்த வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோருக்கு ஓர் எளிய சோதனை. காற்றுப் புகாத மூடியுள்ள, ஒரே அளவான 10 லிட்டர் பெட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கொத்திலிருந்து பிரித்த திராட்சைகளைக் காம்போடு வெட்டி, இரண்டிலும் சம எண்ணிக்கையில், ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். ஆவி முறையில் அளவைப் பெட்டியின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடுவார்கள்: லிட்டருக்கு 50 மைக்ரோலிட்டர் என்றால் 10 லிட்டருக்கு அரை மில்லிலிட்டர். துளிகளை எண்ண வேண்டாம், ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சால் அளந்துகொள்ளுங்கள். அரை மில்லிலிட்டர் தைம் எண்ணெயைச் சிறு வடிதாளில் இட்டு, அதை ஒரு பெட்டியின் மூடியின் உட்புறத்தில், பழத்தின் மேல் சொட்டாதபடி ஒட்டுங்கள். மற்றப் பெட்டியில் வெறும் நீர் நனைத்த தாள் போதும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே நேரத்தில் நாளுக்கு ஒரு முறை, மூடியைத் திறக்காமல் பக்கவாட்டில் பார்த்துக் குறித்து வாருங்கள். பூஞ்சை எந்த நாளில் எந்தப் பழத்தில் தோன்றியது, தோலில் பழுப்பு உண்டா, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று தனித்தனியே எழுதுங்கள். நீர் வைத்த பெட்டியில் பாதிப் பழங்கள் கெட்ட அன்று எண்ணெய்ப் பெட்டியைத் திறந்து, தாளை எடுத்துவிட்டு, மூடாமல் இன்னும் மூன்று நாள் வைத்திருங்கள். அந்த மூன்று நாளில் பூஞ்சை புதிதாக எழுகிறதா என்பதே, உங்கள் அளவு பூஞ்சையைக் கொன்றதா, காத்திருக்க மட்டும் வைத்ததா என்பதைச் சொல்லும். சோதித்த பழங்களை உண்ண வேண்டாம்.